பன்னிரண்டாயிரத்து எண்ணூறில் எடுத்த படம்

அம்மா செத்துப்போன அன்று எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது வெளிச்சத்தை. கதவுப் பக்கமிருந்து கொஞ்சம் வருகிறது. பின்பக்கச் சன்னலுக்கு எதிரே அடுத்த லயத்து வீட்டு வரிசையின் சுவர், அதனால் அங்கிருந்து ஒன்றும் வராது. தலைமாட்டில் ஒரு விளக்கு. கேமராவில் ஐஎஸ்ஓவை ஆறாயிரத்து நானூறுக்குக் கீழே இறக்க முடியாது என்று மனசு தன்பாட்டில் கணக்குப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் பெஞ்சில் கிடத்தியிருப்பது யார் என்று பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. பொம்பளைகள் என்னைக் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். நான் அவர்கள் தோளுக்கு மேலாக, பல்பைக் கூரையின் எந்த வளையில் மாட்டினால் முகத்தில் நிழல் விழாது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு ஹட்டன் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் வேலை. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, சாவு, எல்லாவற்றுக்கும் போவேன். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குக் கட்டாயம் கேமராக்காரன் வேண்டும். பெட்டிக்குப் பின்னால் மகன்மார் நின்று ஒரு படம், மகள்மார் ஒரு படம், சம்பந்திக்காரர் ஒரு படம், அப்புறம் லயத்து ஆட்கள். கொழும்பில் கடையில் நிற்கிறவர்களும் வெளிநாட்டில் இருக்கிறவர்களும் அதைப் பார்த்துத்தான் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரிந்துகொள்வார்கள். சண்டையும் பிடிப்பார்கள். இப்படிப் பல சாவுகளைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வற்றிப் போயிருந்தது. அதைத் தொழில் பக்குவம் என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு.

"நீயே எடுத்துருப்பா. சொந்தத்துல ஒரு போட்டோக்காரன் இருக்கயில வேற ஆளக் கூப்புட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்கள் சொந்தக்காரர்கள்.

எடுத்தேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன் முகத்தை எப்படி வைத்திருக்கிறான் என்று யாரும் பார்ப்பதில்லை.

அக்காவால் வர முடியவில்லை. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வீட்டில் அப்போது பிரசவம், லீவு கேட்டதற்கு முடியாது என்றுவிட்டார்கள். போனில் வீடியோ போட்டுக் காட்டினேன். நோர்வூட்டைத் தாண்டி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறினால் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. அதிலும் காம்பராவுக்குள் இருட்டு.

"தம்பி, மூஞ்சி தெரியலடா. ஒரே புள்ளி புள்ளியா ஓடுது. கிட்டக் கொண்டு போ."

கிட்டக் கொண்டு போனேன். இன்னும் மோசமானது.

"ஐயோ, தெரியலயேடா! அம்மாதானா அது?"

எனக்குக் காரணம் தெரியும். பக்கத்தில் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருக்க, அதைப் போனில் கத்தி விளக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கியபோது அக்கா கடைசியாகச் சொன்னது இதுதான்: "எனக்கு ஒரு படம் அனுப்புடா. அம்மா என்னயப் பாக்குற மாதிரி ஒரே ஒரு படம். அதப் பாத்தாத்தான் எனக்கு அழுகயே வரும். இப்ப நெஞ்சு கல்லாட்டம் இருக்கு."

அவளுக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் புள்ளிகளை ஸ்டுடியோவில் நாங்கள் நொய்ஸ் என்போம். கல்யாண வீட்டில் யாராவது என் தோளைத் தட்டி, "தம்பி, ஐஎஸ்ஓவ ஏத்தி எடுங்க, வெளிச்சமா வரும்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐஎஸ்ஓவை ஏற்றினால் கேமராவுக்குள் ஒரு துளி வெளிச்சம்கூடக் கூடுதலாக வராது. வெளிச்சம் வருவது இரண்டே வழியில்தான். லென்ஸின் வாயை அகலத் திறக்கலாம், இல்லாவிட்டால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம். வாய் ஓர் அளவுக்கு மேல் திறக்காது. ஷட்டரை நீளமாக வைத்தால் ஆள் அசைந்து படம் கலங்கிவிடும். இரண்டும் முடியாதபோது, உள்ளே வந்த கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டு என்று கேமராவிடம் சொல்கிறோம். அதுதான் ஐஎஸ்ஓ. சிக்னல் இல்லாத இடத்தில் ரேடியோவைக் கூட்டி வைத்தால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் கூடுமில்லையா, அந்தக் கதைதான். வெயிலில் கொழுந்து மலையை எடுக்க நூறு போதும். மூடுபனி இறங்கினால் நானூறு, எண்ணூறு. லயத்துக் காம்பராவுக்குள் போனால் ஆயிரங்கள். நொய்ஸுக்கு ஐஎஸ்ஓவைத் திட்டிப் புண்ணியமில்லை. அங்கே வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான்.

அம்மா என்னைப் பார்க்கிற மாதிரி என்னிடம் இருந்தது ஒரே படம். ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறவன் வீட்டில் இதுதான் லட்சணம். அதற்கு அம்மாவும் ஒரு காரணம். கேமராவைத் தூக்கினாலே முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள்.

"என்னய எடுத்து என்னா பண்ணப் போற? கொழுந்தோட சேத்து நிறுக்கவா? போ, போயி மாப்புள பொண்ண எடு."

போன மழைக்காலத்தில் ஸ்டுடியோவுக்குப் புதுக் கேமரா வந்தது. இருட்டிலும் எடுக்கும் என்று சொன்னார்கள். சோதித்துப் பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டு போனேன். எங்கள் தோட்டத்தில் அடுப்படியைவிட இருட்டான இடம் கிடையாது. அம்மா அடுப்பு முன்னால் குந்தியிருந்தாள். "கதவுகிட்ட வாம்மா" என்று கூப்பிட்டேன். "அடுப்ப விட்டுட்டு வர ஏலாது" என்றாள். சரி, உள்ளேயே எடுப்போம் என்று ஐஎஸ்ஓவை ஏற்றினேன். ஆறாயிரத்து நானூறில் இருட்டு. பன்னிரண்டாயிரத்து எண்ணூறில் முகம் தெரிந்தது. நெருப்பின் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் இருந்தது. அம்மா எழுந்து என் பக்கம் திரும்பினாள், வாய் கொஞ்சம் திறந்திருந்தது, பல் தெரிந்தது. "இரும்மா, அசையாத" என்று சொல்லி எடுத்தேன். லென்ஸ் முழுதாகத் திறந்திருந்தது, ஷட்டர் நொடியில் அறுபதில் ஒரு பங்கு. எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தப் படத்தை அப்போதே அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். அவள் குரல் பதிவு போட்டாள்: "என்னாடா இது, இருட்டுல பேயப் புடிச்சு வச்சிருக்க?" அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அவ ஆத்தாவயே பேயிங்கிறா பாரு" என்று சிரித்தாள். அதோடு அந்தப் படத்தை எல்லோரும் மறந்துவிட்டோம்.

சாவன்று காலையிலேயே பேனருக்குப் படம் கேட்டார்கள். தோட்டத்துக்குத் திரும்புகிற சந்தியில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டாவிட்டால் அது சாவு வீடு மாதிரியே இருக்காது. நான் ஓட்டோ பிடித்து ஹட்டனுக்குப் போய், கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தேன். முதலாளி பின்னால் நின்று, "பாவம்பா, நீ போ, நான் பாத்துக்குறேன்" என்றார். "இல்லிங்க, சட்டுனு முடிஞ்சுரும்" என்றேன். முடிந்தது. முகத்தை மட்டும் வெட்டினேன். நொய்ஸைக் குறைக்கத் திரையில் இருக்கிற இழுகோட்டைக் கடைசி வரை இழுத்தேன். புள்ளியெல்லாம் போனது. பின்னால் நீலம் வைத்தேன். கட்டியிருந்த பழைய சேலைக்குப் பதில் ஒரு பட்டுச் சேலை. நெற்றிக்கு மேலே முடியை நிரப்பினேன். சேமித்துவிட்டு பிரிண்டுக்கு அனுப்பினேன். இதே வேலையை எத்தனையோ வீட்டுக்குச் செய்திருக்கிறேன். கை தானாக ஓடியது, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பேனரைப் பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். "என்னா ஒரு சிரிப்பு! சாமி மாதிரி இருக்காங்க." அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர், அதிகம் பேசமாட்டார். பேனருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

காடாற்று முடிந்ததும் அந்தப் பேனர் படத்தைத்தான் அக்காவுக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. மறுநாள் அவளோடு வேலை செய்கிற பெண் பேசினாள். பதுளைப் பக்கத்துப் பிள்ளை. "அண்ணே, அக்கா சாப்புடவே மாட்டேங்குது. வேல மட்டும் செய்யிது. கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்குறதில்ல. நீங்க கொஞ்சம் பேசுங்க" என்றாள். போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"படம் பாத்தியா அக்கா?"

"பாத்தேன். யாருடா அது?"

"என்னா இப்பிடிக் கேக்குற?"

"கயித்துத் தடம் எங்கடா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோதும் அதைத் தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன்.

கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில்தான் மாட்டுவார்கள். பாரம் முழுவதையும் உச்சி தாங்கும். காலம் போகப் போக நெற்றிக்கு மேலே முடி தேய்ந்து, தோல் மழுங்கி, ஒரு பட்டை பள்ளமாக விழுந்துவிடும். கொழுந்தெடுத்த பொம்பளைகளில் பல பேருக்கு அது இருக்கும். செத்தவர்களுக்குப் படம் செய்யக் கொடுக்கும்போது பிள்ளைகள் சொல்வார்கள், "அந்தத் தடத்த எடுத்துருங்க, பாக்க ஒரு மாதிரியா இருக்கு." யாரும் சொல்லாவிட்டாலும் நாங்கள் எடுத்துவிடுவோம். தொழிலில் அது ஒரு பழக்கம். அக்காவுக்கோ அந்தத் தடம்தான் அம்மா. மலையிலிருந்து இறங்கியதும் அம்மா இஸ்தோப்புத் திண்ணையில் அவள் மடியில் தலையைச் சாய்ப்பாள். அக்கா தேங்காயெண்ணெய் தொட்டுக் கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தைத் தேய்த்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து, விமானம் ஏறிய வாரம் வரைக்கும் அது அவள் வேலை.

"எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்றது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எல்லாருமாடா நானு?" என்று கத்தினாள். "உன் கூடப் பொறந்தவடா! எனக்கு எங்கம்மாவக் குடு!"

பழைய படத்தைத் தேடினேன். இல்லை. வெட்டி, துடைத்து, முடி வைத்த படத்தை அதே பெயரில் சேமித்திருந்தேன். கேமராக் கார்டில் அதற்குள் எத்தனையோ கல்யாணம் ஏறி இறங்கிவிட்டது. அக்காவுக்கு அனுப்பியிருந்தது அப்போது நினைவுக்கே வரவில்லை. "ஒரிஜினல ஒரு ஓரமா வச்சுக்கணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்றார் முதலாளி. ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இடம் அடைக்கிறது, அழி அழி என்பதுதான் அவர் மந்திரம். ஆனால் அன்று சண்டை பிடிக்கத் தெம்பில்லை.

சரி, தடத்தைத் திரும்ப வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியைக் கலைத்தேன், தோலின் நிறத்தை வைத்தேன், நிழல் போட்டேன். தலையில் ரப்பர் பட்டை ஒட்டிய மாதிரி வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். தடம் எந்த இடத்தில் தொடங்கும்? நடுவிலா, கொஞ்சம் இடப் பக்கமா? காது வரைக்கும் இறங்குமா? எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போய்ப் பொம்பளைகளின் தலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னாப்பா அப்பிடிப் பாக்குற, பேனு கீனு ஓடுதா?" என்று ஒருத்தி கேலி செய்தாள், மற்றவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு தலையிலும் தடம் வேறு வேறு மாதிரி இருந்தது. ஊர்த் தலைகளின் தடத்தையெல்லாம் அழித்தவனுக்கு வீட்டில் இருந்த தடம் தெரியவில்லை. அதற்கும் அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, நான் வரைந்ததன் மேல்.

துடைத்த முகத்தை அப்போதுதான் பெரிதாக்கி ஒழுங்காகப் பார்த்தேன். நொய்ஸைக் குறைக்கிற அந்தக் கோட்டுக்குப் புள்ளி எது, தோல் எது என்று தெரியாது. சின்னதாக, ஒழுங்கில்லாமல் இருக்கிற எல்லாமே அதற்குக் குப்பைதான். கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பு போயிருந்தது. கண்ணோரத்துச் சுருக்கம் போயிருந்தது. மேலுதட்டில் இருந்த மெல்லிய முடிகூட இல்லை. மெழுகைத் தடவின மாதிரி ஒரு முகம். அப்பா பேனருக்கு முன்னால் அவ்வளவு நேரம் எதைத் தேடிக்கொண்டு நின்றார் என்று விளங்கியது.

கருமாதிக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். நான் ஸ்டுடியோவில் இருந்தேன்.

"இருக்குடா! என்கிட்ட இருக்கு!"

"என்னாது?"

"பேயின்னு சொன்னேனே, அந்தப் படம். நீ அனுப்புனதெல்லாம் மேல தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டுப் போனேன். கெடக்குடா. போன் வெளிச்சத்த முழுசாக் கூட்டிப் பாத்தேன். தடம் தெரியிது. எடது பக்கம் கொஞ்சம் சாஞ்சு, அதே மாதிரி."

படத்தைத் திருப்பி எனக்கு அனுப்பினாள். கம்ப்யூட்டரில் போட்டேன். புள்ளிகள். சிவப்பும் பச்சையுமாக, இருட்டு இருக்கிற இடமெல்லாம் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே அம்மா இருந்தாள். தழும்பு இருந்தது, தடம் இருந்தது. எதையும் துடைக்காமல் அப்படியே பார்த்தேன்.

"தம்பி, அம்மா கையில என்னாடா?"

"எந்தக் கை?"

"கீழ பாரு. வலது பக்கம் மூலையில."

பேனருக்காக நான் வெட்டி எறிந்த பகுதி அது. நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கினேன். புள்ளிகள் இன்னும் பொங்கிக்கொண்டு வந்தன. அதற்குள் முதலில் ஒரு கோடு தெரிந்தது, அப்புறம் ஒரு வட்டம். கிளாஸின் விளிம்பு. கிளாஸைச் சுற்றி முந்தானை, முந்தானைக்கு வெளியே விரல்கள். கை நேராகக் கேமராவை நோக்கி நீண்டிருந்தது.

"தேத்தண்ணிடா" என்றாள் அக்கா. "உனக்குத்தான் நீட்டிக்கிட்டு நிக்குது."

கிளாஸின் விளிம்பை இன்னும் பெரிதாக்கினேன்.

"வாங்கிக்கிட்டியாடா?"

அந்த வாய் ஏன் திறந்திருந்தது என்று அப்போது ஞாபகம் வந்தது. ஊரே சிரிப்பு என்று மெச்சிய வாய். அம்மா சிரிக்கவில்லை. "சுடுதுடா, வாங்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் "இரும்மா, அசையாத" என்றேன். ஐஎஸ்ஓ ஞாபகம் இருக்கிறது, ஷட்டர் ஞாபகம் இருக்கிறது. அந்தத் தேத்தண்ணியை வாங்கினேனா, குடித்தேனா, அது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"ஞாபகம் இல்ல அக்கா."

அக்கா அழத் தொடங்கினாள். "ஐயோ என் ஆத்தா, கையி சுட்டுருக்குமே" என்று, லயத்தில் அழுகிற மாதிரியே வாய்விட்டு அழுதாள். பதுளைப் பிள்ளையின் குரல் பக்கத்தில் கேட்டது. அழுது ஓய்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வச்சிர்றேன்டா, பசிக்குது" என்றாள். நல்லது என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டு படத்தை முழுசாக, வெட்டாமல், கையும் கிளாஸும் தெரியப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன்.

கருமாதியன்று அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டோம். வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "ஸ்டுடியோக்காரன் வீட்டுலயே இப்பிடி ஒரு படமா? ஒரே பொட்டுப் பொட்டா இருக்கு. அந்த பேனர் படம் எவ்வளவு பளிச்சுனு இருந்துச்சு!" அப்பா மட்டும் கிட்ட வந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கி, தடத்தைப் பார்த்தார், கீழே கையைப் பார்த்தார். அப்படியே அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

நான் இஸ்தோப்பில் நின்று பந்தல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அப்பா. எனக்குத் தெரிய அவர் அடுப்பில் கேத்தல் வைத்துத் தேத்தண்ணி போட்டது கிடையாது. துண்டு நுனியில் கிளாஸைப் பிடித்து என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இருங்கப்பா, இந்த முடிச்ச அவுத்துட்டு..."

"சுடுதுடா, வாங்கு" என்றார்.

கயிற்றை விட்டேன். இரண்டு கையாலும் வாங்கினேன். நல்ல சூடு. கிளாஸைக் கீழே வைக்காமல், அங்கேயே நின்றுகொண்டு, அம்மா செத்ததற்கு அழுதேன்.